சீட்டு இல்லாத கவர்

மே 7

அன்புள்ள அம்மாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே உறுதி சொல்லிவிடுகிறேன். "ரிசார்ட் எப்படி இருந்தது, எல்லாம் எழுது" என்று கேட்டிருந்தாய். எல்லாம் என்றால் எல்லாம்தான். பக்கம் அதிகமானால் திட்டாதே.

மாமா, அத்தை, வாலு, நான், நாலு பேரும் மூன்று நாள் தங்கினோம். வாலுவுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. இன்னும் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சுற்றுகிறான். அவன் பின்னால் ஓட ஒரு ஆள் வேண்டும் என்பதால்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உண்மையை எழுதுவேன் என்று சொல்லிவிட்டேனே, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அறை இரண்டாவது மாடியில். ஜன்னலில் ஏரி தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். தெரிந்தது, இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டால்.

காலை பத்து மணிக்கு அறையைச் சுத்தம் செய்ய ஒரு அக்கா வருவார். மாமாவும் அத்தையும் நீச்சல் குளத்துக்குப் போய்விடுவார்கள். வாலு தூங்குவான், நான் கட்டிலில் உட்கார்ந்து படிப்பேன். முதல் நாள், "நான் வெளிய போகட்டுமாக்கா?" என்று கேட்டேன். "நீ படி கண்ணு. கட்டிலோட வந்த சாமான்னு நெனச்சு உன்னையும் தொடச்சுட்டுப் போறேன்" என்று சிரித்தார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் அம்மா. முதலில் குளியலறையைக் கழுவுவார். அது காய்கிற நேரத்தில் கட்டிலை முடித்துவிடுவார். விரிப்பை ஒரே ஒரு தடவைதான் உதறுவார், அது காற்றில் நின்று தானாகவே நாலு மூலைக்கும் போய் உட்காரும். முட்டி போடும் இடத்தில் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டுக்கொள்வார். பிளீச்சிங் பட்டு விரல் நுனி எல்லாம் வெளுத்திருந்தது, உன் விரல் போலவே. ஒரு நாளைக்குப் பதினாறு அறையாம். சட்டையில் ஒரு பெயர்ப் பட்டை குத்தியிருந்தார். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. "அது எனக்கு முன்னாடி இருந்த பொண்ணோட பட்டை. எனக்கு இன்னும் அடிச்சு வரல. யார் பேரைக் குத்தினா என்ன, துடைக்கிற கை ஒண்ணுதானே" என்றார்.

கடைசி நாள் காலை சாப்பிடும்போது நான் கேட்டேன். "மாமா, ரூம் க்ளீன் பண்ற அக்காவுக்கு டிப்ஸ் வச்சுட்டுப் போகணுமா?"

"எதுக்கு? சாப்பாடு வைக்கிற பையனுக்குக் குடுக்கிறோம், சரி. முகம் தெரியுது, நம்மளப் பாத்துச் சிரிக்கிறான். நாம இல்லாதப்ப வந்துட்டுப் போறவங்களுக்கு எதுக்கு? சம்பளம் வாங்கலையா?"

"நானும்தான் தினம் கட்டிலைத் தட்டிப் போடுறேன். எனக்கு யார் டிப்ஸ் வைக்கிறா?" என்றார் அத்தை.

"உனக்குத்தான் என்னையே வச்சிருக்காங்களே."

"அதைத்தான் எவ்வளவு தொடச்சாலும் போக மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மாமா விடவில்லை. "கண்ணாடிக் கடையில தினம் அம்பது பேர் மூக்குல கண்ணாடி மாட்டி விடுறேன். ஒருத்தன் டிப்ஸ் குடுத்திருக்கானா?"

எனக்கு உன் நினைவு வந்தது. அகராதி வாங்கிக்கொள் என்று நீ போன மாதம் அனுப்பிய நோட்டு என் பையில் இருந்தது. நீ துடைக்கிற அறையில் யாரோ தலையணை மேல் வைத்துவிட்டுப் போனது என்று எழுதியிருந்தாயே, அதே நோட்டு. அதை மாமாவின் பையில் இருந்த கடைக் கவர் ஒன்றில் போட்டேன். கடைப் பெயரும் மூக்குக் கண்ணாடிப் படமும் அச்சடித்த கவர். அதைக் கேட்காமல் எடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். உள்ளே வைக்க ஒரு சீட்டும் எழுதினேன், பிறகு கிழித்துவிட்டேன். கொடுத்தது யார் என்று தெரியாமல் கொடுப்பதுதான் கொடை என்று பாடத்தில் படித்திருக்கிறேன். தலையணை மேல் வைத்தால் மாமா பார்த்துவிடுவார். அதனால் வராந்தாவில் நின்ற தள்ளுவண்டியில், அக்கா தண்ணீர் பாட்டில் வைக்கும் துணிப்பைக்குள் செருகிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

வழியெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பதிலை வழக்கம்போல நூலக முகவரிக்கே போடு. வீட்டுக்கு வந்தால் அத்தை பிரித்துவிடுவார். போனில் பேசினாலும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் வைக்கிறார்.

உன் மகள்


மே 12

என் குட்டி வாத்தியாரம்மாவுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை பெருமையாக இருந்தது. இரண்டாவது தடவை கவர் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மூன்றாவது தடவை அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

நீ மாமாவிடம் கேட்டதற்கு முதலில் நான் பதில் சொல்லிவிடுகிறேன். டிப்ஸ் வைக்கலாமா என்றால், வைக்கலாம். வைக்காதவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. சம்பளம் தர வேண்டியது முதலாளி, விருந்தாளி இல்லை. ஆனால் ஒருத்தர் வைத்துவிட்டுப் போனால், இந்த அறைக்குள் ஒரு மனுஷி வந்து போனாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான். கடைசி நாள் மொத்தமாக வைக்கக் கூடாது. மூன்று நாள் துடைத்தவளுக்கு அன்றைக்கு லீவாக இருக்கும், புதிதாக வந்தவள் கொண்டுபோவாள். தினம் கொஞ்சம் வைக்க வேண்டும்.

இனி கவனமாகப் படி. தலையணை மேல், சீட்டோடு இருந்தால்தான் அது எங்களுடையது. சீட்டில் 'நன்றி' என்று ஒரு சொல் போதும். மேசை மேல் இருந்தால், வேறு எங்கே இருந்தாலும், மறந்துவிட்டுப் போனது என்று ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். எங்கள் இடத்தில் மட்டும் இல்லை, நான் வேலை பார்த்த எல்லா இடத்திலும் இதுதான். சாயங்காலம் கேட்டில் வரிசையாக நின்று பையைக் கவிழ்ப்போம். டிபன் டப்பா, சீப்பு, மாத்திரை, எல்லாம் மேசையில் கொட்டும். பணம் இருந்தால் கூடவே சீட்டு இருக்க வேண்டும். போன வாரம் ஒருத்தர் பாதி கடித்த கேக்கைத் தலையணை மேல் வைத்து நன்றி எழுதியிருந்தார். வாட்ச்மேன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "சரி, கேக்கு உன்னோடதுதான், கொண்டு போ" என்றான். சிரித்து மாளவில்லை.

சீட்டு இல்லாமல் பணம் இருந்தால் சிரிப்பு இல்லை.

அந்தக் கவரைப் பற்றி ஏதாவது தகவல் வந்ததா? உடனே எழுது.

அம்மா


மே 17

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே தகவல் வந்துவிட்டது.

ஞாயிறு மதியம். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், கை எச்சில் என்பதால் அத்தை போனை எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். ரிசார்ட் மேனேஜர் பேசினார்.

"சார், உங்க கடை பேர் போட்ட கவர் ஒண்ணு, உள்ள பணம் இருக்கு. எங்க ஸ்டாஃப் ஒருத்தங்க பையில எடுத்தோம். நீங்க குடுத்தீங்களா?"

"நான் யாருக்கும் குடுக்கலையே."

"அப்ப உங்களோடதா சார்?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை தலையை ஆட்டினார். "என் பையில கவர்க் கட்டு இருந்துச்சு. என்னோடதாத்தான் இருக்கும்."

"அந்தப் பொண்ணு கவரையே பாக்கலைன்னு அழுவுது சார்."

"வேற என்ன சொல்லுவாங்க?"

"சரி சார், நாங்க பாத்துக்கிறோம். கவரை அனுப்பி வைக்கிறேன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாமா என் பக்கம் திரும்பி, "பாத்தியா? நீ குடுக்கணும் குடுக்கணும்னு நின்ன. அவளே எடுத்துக்கிட்டா" என்றார்.

நான் வாலுவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். "அது நான் வைத்தது" என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல். வாலு வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தான். நான் அவன் வாயில் உருண்டையை வைத்தேன்.

நேற்று கவர் வந்தது. மாமா நோட்டை எடுத்து, "இந்தா, அகராதி வேணும்னு கேட்டியே, வாங்கிக்கோ" என்று என்னிடமே கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார். "அந்தப் பொம்பளைய அன்னைக்கே அனுப்பிட்டாங்களாம். திருட்டு மட்டும் எனக்கு ஆகவே ஆகாது. என் வீட்டு ஆளா இருந்தாலும் ஒரு நாள் வச்சுக்க மாட்டேன்" என்றார். கவரைக் கேட்காமல் எடுத்தது நான்தானே அம்மா.

அக்கா உண்மையிலேயே அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பாட்டிலோடு சேர்த்துப் பைக்குள் அள்ளிப் போட்டிருப்பார்.

நான் மாமாவிடம் சொல்லிவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் மகள்


மே 21

கண்ணு,

சொல்லாதே.

அடுத்த மாதம் நீ பத்தாம் வகுப்பு. மாமா உன்னை வெளியே போ என்று சொன்னால் நான் உன்னை எங்கே வைத்துக்கொள்வேன்? இங்கே ஒரு அறையில் ஆறு பேர் படுக்கிறோம். குழாயடியில் உட்கார்ந்து படிப்பாயா? உன் அப்பா போன பிறகு நம்மைச் சேர்த்துக்கொண்டது அவர் ஒருத்தர்தான்.

அவளுக்கு வேறு இடம் கிடைக்கும். எங்களுக்கெல்லாம் கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது. துடைக்காத அறை உலகத்தில் எங்கே இருக்கிறது?

உன் மனசு கஷ்டப்படும். கொஞ்ச நாளில் சரியாகும். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

அம்மா


மே 25

அம்மாவுக்கு,

நான் கிழிக்கவில்லை. நூலகத்தில் பெரிய தேசப்படப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன், அதை யாரும் எடுப்பதில்லை.

'எங்களுக்கெல்லாம்' என்று எழுதியிருக்கிறாய். அந்த 'எங்களில்' அந்த அக்காவும் உண்டா, இல்லையா? உண்டு என்றால், சொல்லாதே என்று எப்படி எழுதினாய்? உன்னிடம் இப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. நேற்று சாப்பிடும்போது அத்தை, "இதெல்லாம் இவளும் தெரிஞ்சுக்கட்டும். இவ அம்மாவுக்கும் அந்தப் பழைய இடத்துல இதே கதைதானே" என்றார். "வாயை மூடு" என்று மாமா அதட்டினார்.

முட்டி வலி தாங்காமல் அந்த வேலையை விட்டதாகத்தான் நீ சொன்னாய். முட்டி வலி என்றால் மறுபடியும் அதே வேலைக்கு ஏன் போனாய், அதுவும் இவ்வளவு தூரத்துக்கு? இத்தனை நாள் எனக்கு இது தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் கவனிக்கிறவள் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உண்மையாகப் பதில் எழுது.


மே 30

என் மகளுக்கு,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

அந்தப் பழைய இடத்தில் ஒரு வயதான கணவன் மனைவி தங்கினார்கள். அந்த அம்மாவுக்குக் குனிய முடியாது. ஒரு நாள் கால் நகத்தைப் பார்த்துவிட்டு நானே வெட்டி விட்டேன். போகிற அன்று என் கையைப் பிடித்துப் பணத்தை வைத்து, "உம் பொண்ணுக்கு ஏதாவது வாங்கிக் குடும்மா" என்றார். வாயால் சொன்னார். ஒரு சீட்டு எழுதித் தாருங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவு பிரியமாகத் தருகிறவரிடம் எப்படிக் கேட்பது?

கேட்டில் பையைக் கவிழ்த்துப் பணத்தை எடுத்தார்கள். மேனேஜர் என் எதிரிலேயே அவர்கள் வீட்டுக்குப் போன் செய்தார். மகன் எடுத்தான். "அப்பா அம்மா தூங்குறாங்க. நாங்க யாருக்கும் எதுவும் குடுக்கல" என்றான். அன்றைக்கே பெயர்ப் பட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்தால் கட்டாயம் ஒரு வரி எழுதுவார் என்று எட்டு மாதம் காத்திருந்தேன். தபால் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். வரவில்லை. அவருக்குத் தெரியவே தெரியாது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டார் என்று நினைத்தால் என்னால் படுக்க முடியாது.

உன் மாமா நான் எடுத்தேன் என்றுதான் நம்புகிறார். உனக்குச் சோறு போட்டார், புத்தகம் வாங்கித் தந்தார், என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னது இல்லை. "எடுத்தியா?" என்று ஒரு தடவை கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். கேட்கவே இல்லை.

அவளும் இப்போது ஏதோ ஒரு வாசலில் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்கு எழுத வேண்டிய ஆள் நீ. அந்த ஆளிடம் 'சொல்லாதே' என்று எழுதியது நான். கை கழுவும்போதெல்லாம் அந்தச் சொல்தான் ஞாபகம் வருகிறது.

சொல்லிவிடு. மாமாவிடம் முதலில், நேரில் சொல். பிறகு ரிசார்ட்டுக்கு எழுது. உன்னை வெளியே போ என்றால் வந்துவிடு. ஆறு பேர் படுக்கிற இடத்தில் ஏழு பேர் படுப்போம்.

அம்மா


ஜூன் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே கடைக்குப் போனேன். மாமா ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆள் யாரும் இல்லை. சொல்லிவிட்டேன்.

"கவரை நீ எடுத்தியா?"

"ஆமா மாமா."

"பணம்?"

"அம்மா அகராதிக்கு அனுப்பினது."

அவர் அதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அன்னைக்கு நான் போன்ல பேசினப்ப நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

"ஆமா."

"அப்ப ஏன்டி வாயைத் திறக்கல?"

எனக்கு அழுகைதான் வந்தது. அவர் திட்டுவார் என்று நின்றேன். "நானும்தான்... அது என்னோடதுதானான்னு ஒரு நிமிஷம் யோசிக்கல" என்று கண்ணாடியிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

அவரே ரிசார்ட்டுக்குப் போன் செய்தார். நான் அன்றே இரண்டு கடிதம் எழுதினேன், ஒன்று மேனேஜருக்கு, இன்னொன்று அதற்குள்ளேயே அக்காவுக்கு. அக்காவின் கடிதத்தின் மேல் எந்தப் பெயர் எழுதுவது என்று தெரியவில்லை அம்மா. பட்டையில் இருந்த பெயரைத்தான் எழுதினேன்.

இன்று பதில் வந்தது. வருந்துகிறார்களாம். அந்தப் பெயருடைய பெண் போன வருடமே வேலையை விட்டுப் போய்விட்டாராம். அந்தப் பட்டையைப் போட்டிருந்தவர் ஏஜென்ட் மூலம் தினக்கூலிக்கு வந்தவராம். ஏஜென்ட்டிடம் விலாசம் இல்லையாம். அக்காவுக்கு எழுதிய கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

முதல் கடிதத்தில் எதையும் குறைக்க மாட்டேன் என்று எழுதினேன். ஜன்னலை எழுதினேன், விரிப்பை எழுதினேன், முட்டிக்குக் கீழே போட்ட துண்டை எழுதினேன். மூன்று நாள் அவர் கூடவே இருந்து, "உங்க பேர் என்னக்கா?" என்று நான் கேட்கவே இல்லை.

அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அகராதி வாங்கவில்லை. அதை என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அத்தை என்னுடன் பேசுவதில்லை. என் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிச் சுவர் ஓரமாக வைத்திருக்கிறார். போ என்று யாரும் சொல்லவில்லை. திரும்ப உள்ளே தள்ளவும் இல்லை.

இன்று சாயங்காலம் மாமா என்னிடம், "உங்க அம்மாவுக்கும்... யாரோ குடுத்ததுதானா?" என்று கேட்டார். நான் உன் கடிதத்தைக் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பு என்றால் மன்னித்துவிடு. நின்றுகொண்டே படித்தார். 'கேட்கவே இல்லை' என்ற இடம் வந்திருக்க வேண்டும், பக்கத்தில் இருந்த நாற்காலியைக் கையால் தேடினார்.

சாப்பிட்ட பிறகு என்னிடம் ஒரு தாள் கேட்டார். நான் எழுதிக்கொண்டிருக்கும் இந்த மேசையிலேயே எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"எப்படி ஆரம்பிக்கிறது?"

"முதல்ல தேதி போடுங்க மாமா."

தேதி போட்டார். பேனா மூடியை மாட்டினார், கழற்றினார். "உங்க அம்மாவைச் சின்ன வயசுல என்னன்னு கூப்பிடுவேன் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

தாளில் தேதி மட்டும் இருக்கிறது. அதை உனக்கு அனுப்பலாமா, அவர் திரும்பி வந்து எழுதுவார் என்று இங்கேயே விட்டு வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வரி கோணலாகப் போவதற்கு மன்னித்துவிடு. அத்தை வந்து கூடத்து விளக்கை அணைத்துவிட்டார்.